விலைவாசி ஏறியது, பாதுகாப்பு ஃபண்ட் இறங்கியது: 2022-இல் டிப்ஸ் ஃபண்டுகளில் நடந்தது என்ன?

2022 ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் நுகர்வோர் விலைக் குறியீட்டெண் முந்தைய ஆண்டின் ஜூன் மாதத்தைவிட 9.1 சதவீதம் உயர்ந்திருந்தது. 1981 நவம்பருக்குப் பிறகு அந்நாடு காணாத உயர்வு அது. பணவீக்கத்திலிருந்து காப்பதற்கென்றே அமெரிக்க அரசு வெளியிடும் கடன் பத்திரங்களுக்கு டிப்ஸ் என்று பெயர். அவற்றை வாங்கி வைத்திருக்கும் ஃபண்டுகளுக்கு அந்த ஆண்டு பொற்காலமாக அமைந்திருக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் வான்கார்டு நிறுவனத்தின் பணவீக்கப் பாதுகாப்பு ஃபண்ட், ஐ-ஷேர்ஸ் டிப்ஸ் ஈ.டி.எஃப். (பங்குச் சந்தையில் பங்குபோல வாங்கி விற்கப்படும் ஃபண்ட்) போன்ற பெரிய, பரவலான ஃபண்டுகள் 2022-ஐ ஏறக்குறைய 12 சதவீத நஷ்டத்துடன் முடித்தன. முந்தைய ஆண்டில் விலைவாசி ஏறத் தொடங்கியதைக் கண்டு இந்த ஃபண்டுகளுக்குள் பெரும் பணம் பாய்ந்திருந்தது. அஞ்சியபடியே விலைவாசி ஏறியது, அதற்காக வாங்கிய காப்பு மட்டும் கைகொடுக்கவில்லை என்று அந்த முதலீட்டாளர்கள் உணர்ந்ததில் வியப்பில்லை.

இந்த ஆய்வின் நோக்கம் அந்த ஓர் ஆண்டை எடுத்து, நஷ்டம் எங்கிருந்து வந்தது என்று கணக்குப் பார்ப்பதே. பத்திரங்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றின என்பதும், ஃபண்டை வாங்கியவர்கள் அந்தச் சொல்லின் காலக்கெடுவையும் அதற்கு அவர்கள் கொடுத்த விலையையும் பார்க்காமல் விட்டார்கள் என்பதும் என் முடிவு. அந்த இரண்டையும் முதலீட்டாளர்களின் கண்ணில் படும்படி யாரும் எடுத்து வைக்கவில்லை என்பதால் முழுப் பழியையும் அவர்கள் மேல் போடுவது நியாயமாகாது.

பத்திரம் இயங்கும் விதம்

அமெரிக்கக் கருவூலத் துறை 1997 ஜனவரியில் பத்தாண்டு முதிர்வு கொண்ட முதல் டிப்ஸ் பத்திரத்தை ஏலம் விட்டது. இன்று 5, 10, 30 ஆண்டு முதிர்வுகளில் இவை வெளியாகின்றன. சாதாரண அரசுப் பத்திரத்தில் அசல் கடைசி வரை மாறாது. டிப்ஸில் அசல், நகர்ப்புற நுகர்வோருக்கான விலைக் குறியீட்டெண்ணைப் பின்பற்றி நாள்தோறும் திருத்தப்படும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் வட்டி அந்தத் திருத்திய அசலின் மேல் கணக்கிடப்படும். முதிர்வின்போது திருத்திய அசல், வெளியிட்ட அன்றைய அசல் ஆகிய இரண்டில் எது அதிகமோ அது கைக்கு வரும் என்பதால், விலைவாசி தொடர்ந்து இறங்கினாலும் வெளியீட்டின்போதிருந்த அசலுக்குக் கீழே போகாது.

குறியீட்டெண் பத்திரத்தை வந்தடைவதற்கு ஒரு காலதாமதம் உண்டு. ஒரு மாதத்தின் முதல் தேதியில் பயன்படும் எண், அதற்கு மூன்று மாதம் முந்தைய மாதத்தின் எண். இடைப்பட்ட நாள்களுக்கு அடுத்த மாதத்து எண்ணை நோக்கி நாள்வாரியாகப் பகிர்ந்து கணக்கிடுகிறார்கள். ஆகவே 2022 ஜனவரி 1-இல் பத்திரங்களின் அசலைத் தீர்மானித்தது 2021 அக்டோபரின் எண்ணான 276.589, 2023 ஜனவரி 1-இல் தீர்மானித்தது 2022 அக்டோபரின் எண்ணான 298.012. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால், அந்த ஓர் ஆண்டில் ஒவ்வொரு டிப்ஸ் பத்திரத்தின் அசலும் 7.7 சதவீதம் உயர்ந்திருப்பது தெரியும். ஆண்டின் தொடக்கத்தில் ஒரு லட்சம் டாலராக இருந்த அசல், ஆண்டு முடிவில் ஏறத்தாழ 1,07,700 டாலர். இதில் ஒரு டாலர்கூடக் குறையவில்லை. அரசு கொடுத்த வாக்கு இவ்வளவுதான், அது முழுமையாக நிறைவேறியது.

வாங்கிய அன்றே எழுதப்பட்டிருந்த நஷ்டம்

டிப்ஸ் பத்திரத்துக்குச் சந்தை கேட்கும் விலையிலிருந்து ஓர் ஈட்டு விகிதம் பிறக்கிறது. பணவீக்கத்துக்கு மேல் ஆண்டுதோறும் எவ்வளவு கிடைக்கும் என்று சொல்வதால் அதை உண்மை ஈட்டு விகிதம் என்கிறோம். 2021 இறுதியில் பத்தாண்டு டிப்ஸின் உண்மை ஈட்டு விகிதம் மைனஸ் 1.04 சதவீதம், ஐந்தாண்டு டிப்ஸுக்கு மைனஸ் 1.6 சதவீதம். அதாவது, முதிர்வு வரை பொறுமையாக வைத்திருந்தாலும் பணவீக்கத்தைவிட ஆண்டுக்கு அவ்வளவு குறைவாகவே கிடைக்கும் என்பது விலையிலேயே அடங்கியிருந்தது. பத்தாண்டுப் பத்திரத்தை அன்றைய விலையில் வாங்கியவர், முதிர்வின்போது வாங்கும் சக்தியில் பத்தில் ஒரு பங்கை இழந்திருப்பார் என்பது அந்த நாளிலேயே போட்டுப் பார்க்கக்கூடிய கூட்டுவட்டிக் கணக்கு.

இத்தனை விலை கொடுத்து யார் வாங்கினார்கள்? கொரோனாக் காலத்தில் வட்டியை ஏறத்தாழச் சுழியத்துக்கு இறக்கிய அமெரிக்க மத்திய வங்கியான பெடரல் ரிசர்வ், சந்தையில் பத்திரங்களைத் தானே வாங்கிக் குவித்தது. புழக்கத்திலிருந்த டிப்ஸில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதன் கைக்குப் போனது. விலைவாசிக்கு அஞ்சிய பொதுமக்களின் பணமும் ஃபண்டுகள் வழியாக அதே சந்தைக்கு வந்தது. வாங்குவோர் கூடக் கூட விலை ஏறும், ஈட்டு விகிதம் இறங்கும்.

பணவீக்கக் காப்பை நாடுபவர் முதலில் பார்க்க வேண்டிய எண் இந்த உண்மை ஈட்டு விகிதமே என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். விலைவாசி எவ்வளவு ஏறும் என்று ஊகிப்பதில் செலவழிக்கும் நேரத்தை இந்த ஓர் எண்ணைப் பார்ப்பதில் செலவழித்தாலே போதும். இதை அறிய எந்தக் கட்டணமும் இல்லை; கருவூலத் துறை தன் இணையதளத்தில் வேலை நாள்தோறும் வெளியிடுகிறது.

2022-இன் கணக்கு

2022 மார்ச்சில் பெடரல் ரிசர்வ் வட்டியை உயர்த்தத் தொடங்கியது. ஆண்டு முடிவதற்குள் ஏழு முறை உயர்த்தி, அவற்றில் நான்கு முறை தொடர்ச்சியாக முக்கால் சதவீதப் புள்ளி வீதம் ஏற்றி, 0–0.25 சதவீதமாக இருந்த வட்டியை 4.25–4.50 சதவீதத்துக்குக் கொண்டு வந்தது. கூடவே, முதிரும் பத்திரங்களில் ஒரு பகுதிக்கு ஈடாகப் புதியவற்றை வாங்குவதை ஜூனிலிருந்து நிறுத்திக்கொண்டது. இதன் பலனாகப் பத்தாண்டு டிப்ஸின் உண்மை ஈட்டு விகிதம் மைனஸ் 1.04-இலிருந்து பிளஸ் 1.58 சதவீதத்துக்கு ஏறியது. ஓராண்டில் 2.62 சதவீதப் புள்ளிகள்.

பரவலான டிப்ஸ் ஃபண்டின் டூரேஷன் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள். உண்மை ஈட்டு விகிதம் ஒரு புள்ளி ஏறினால் ஃபண்டின் மதிப்பு சுமார் 7 சதவீதம் இறங்கும் என்பதே இதன் பொருள். ஆகவே 2.62-ஐ ஏழால் பெருக்கினால் 18.3 சதவீத இறக்கம். இதற்கு எதிராக அசல் உயர்வாகக் கிடைத்தது 7.7 சதவீதம். தொடக்கத்தில் ஈட்டு விகிதம் எதிர்மறையாக இருந்ததால் கழியும் தொகை ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். மூன்றையும் கூட்டிக் கழித்தால் மைனஸ் 12 சதவீதத்தை ஒட்டி விடை வருகிறது. ஃபண்டுகள் அறிவித்த நஷ்டமும் அதுவே. மேலாளர்களின் தவறோ, மறைந்திருந்த கட்டணமோ இதில் தேட வேண்டியதில்லை.

வேறொரு கோணத்திலும் இதைச் சரிபார்க்கலாம். சாதாரணப் பத்தாண்டு அரசுப் பத்திரத்தின் ஈட்டு விகிதத்திலிருந்து டிப்ஸின் உண்மை ஈட்டு விகிதத்தைக் கழித்தால், அடுத்த பத்தாண்டுக்குச் சந்தை எதிர்பார்க்கும் சராசரிப் பணவீக்கம் ஓரளவு தெரியவரும். 2021 இறுதியில் அது 2.56 சதவீதம், 2022 இறுதியில் 2.30 சதவீதம். நாற்பதாண்டு காணாத பணவீக்கம் நிகழ்ந்த ஆண்டில், வருங்காலப் பணவீக்கம் பற்றிய எதிர்பார்ப்பு சற்று இறங்கியே இருக்கிறது. பெடரல் ரிசர்வ் விலைவாசியை அடக்கிவிடும் என்று சந்தை நம்பியது. பணவீக்கம் எதிர்பார்த்ததைவிட எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவே டிப்ஸ் சாதாரணப் பத்திரத்தை முந்தும். மத்திய வங்கி அதற்குப் பதிலடி கொடுக்கும்போது இரண்டுமே அடிபடும். அந்த ஆண்டில் சாதாரணப் பத்தாண்டு அரசுப் பத்திரம் ஏறத்தாழ 18 சதவீதம் இழந்ததை நினைவில் கொண்டால், டிப்ஸ் தனக்கு இணையான பத்திரத்தைவிட நன்றாகவே தாக்குப்பிடித்தது என்பது விளங்கும்.

மாத அளவில் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகிறது. 2022 ஜூனில் மட்டும் குறியீட்டெண் 292.296-இலிருந்து 296.311-க்கு, அதாவது ஒரே மாதத்தில் 1.37 சதவீதம் தாவியது. காலதாமத விதிப்படி இந்தத் தாவல் பத்திரங்களின் அசலில் ஏறியது ஆகஸ்டு மாதத்தில். ஆனால் ஜூன் எண் ஜூலை நடுவிலேயே வெளியாகிவிட்டது. அடுத்து என்ன வட்டி உயர்வு வரும் என்று சந்தை அப்போதே விலைகளை மாற்றிக்கொண்டது. ஆகஸ்டில் அசல் ஏறுவதை எதிர்பார்த்து ஜூலை இறுதியில் வாங்கியவருக்கு அது புதிய லாபமாக இருக்கவில்லை. வாங்கிய விலைக்குள் அது ஏற்கெனவே இருந்தது. தொலைக்காட்சியில் பணவீக்கச் செய்தியைக் கேட்டுவிட்டு டிப்ஸ் ஃபண்டுக்குள் நுழைவது பெரும்பாலும் தாமதமான செயல்தான்.

ஒரு லட்சம் டாலர், மூன்று ஃபண்டுகள்

கணக்குக்காக மட்டும் ஒரு மாதிரி முதலீட்டாளரை எடுத்துக்கொள்வோம். அவர் ஓய்வுபெற்றவர், இரண்டு ஆண்டுகளுக்குள் வீட்டுச் செலவுக்குத் தேவைப்படும் ஒரு லட்சம் டாலரை 2022-இன் தொடக்கத்தில் பரவலான டிப்ஸ் ஃபண்டில் போட்டார் என்போம். ஆண்டு முடிவில் அவரிடம் ஏறத்தாழ 88,000 டாலர் இருந்திருக்கும். அந்த ஆண்டின் டிசம்பருக்கு டிசம்பர் பணவீக்கம் 6.5 சதவீதம் என்பதால், அதே பொருள்களை வாங்க அவருக்கு வேண்டியிருந்தது 1,06,500 டாலர். பற்றாக்குறை 18,500 டாலர்.

அதே பணத்தை ஐந்தாண்டுக்குள் முதிரும் பத்திரங்களை மட்டும் வைத்திருக்கும் குறுகிய கால டிப்ஸ் ஃபண்டில் அவர் போட்டிருந்தால் நஷ்டம் ஏறக்குறைய 3 சதவீதம். அவற்றின் டூரேஷன் இரண்டரை ஆண்டை ஒட்டியே இருப்பதால் அதே வட்டிப் புயல் அவற்றை அவ்வளவாக அசைக்கவில்லை. பதினைந்து ஆண்டுக்கு மேல் முதிர்வுள்ள பத்திரங்களை மட்டும் வைத்திருக்கும் நீண்ட கால டிப்ஸ் ஃபண்டில் போட்டிருந்தால் 30 சதவீதத்துக்கு மேல் போயிருக்கும். மூன்று ஃபண்டுகளிலும் இருப்பவை ஒரே அரசின் பத்திரங்கள், ஒரே குறியீட்டெண், ஒரே காப்பு. முடிவுகளை இவ்வளவு தூரம் பிரித்தது டூரேஷன் மட்டுமே.

ஃபண்டின் தகவல் தாளில் டூரேஷன் ஒரு சிறிய வரியாகத்தான் இருக்கும். பெயரில் இருக்கும் "பணவீக்கப் பாதுகாப்பு" என்ற சொற்களோ பெரிய எழுத்தில் நிற்கும். அந்தப் பெயரை நம்பி, இரண்டாண்டில் தேவைப்படும் பணத்தை ஏழாண்டு டூரேஷன் கொண்ட ஃபண்டில் வைத்தவர்களே இந்த நிகழ்வில் உண்மையாகப் பாதிக்கப்பட்டவர்கள். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு தேவைப்படும் பணத்தை வைத்திருந்தவருக்கு 2022-இன் இறக்கம் கண்ணுக்குக் கசப்பாக இருந்தாலும், அவருடைய ஃபண்ட் அதன் பிறகு வாங்கும் ஒவ்வொரு பத்திரமும் கூடுதல் ஈட்டு விகிதத்தில் வருவதால் இழப்பின் பெரும்பகுதி ஏழெட்டு ஆண்டுகளில் ஈடாகும். ஆனால், ஈடாவது பணவீக்கத்தைவிட ஆண்டுக்கு ஒரு சதவீதம் குறைவு என்று அவர் வாங்கியபோதே ஒப்புக்கொண்ட பழைய பாதைக்குத்தான்.

பத்திரத்தை நேரடியாக வாங்கியிருந்தால்?

2022-க்குப் பிறகு, "ஃபண்டுகள் வேண்டாம், பத்திரங்களையே வாங்கி முதிர்வு வரை வைத்திருங்கள், நஷ்டம் வராது" என்ற அறிவுரை பரவியது. இதில் பாதிதான் உண்மை. நேரடியாக வாங்கிய பத்திரத்தின் சந்தை விலையும் அதே அளவுக்கு விழுந்தது. வைத்திருப்பவர் அதைத் தினமும் பார்ப்பதில்லை, அவ்வளவே. மைனஸ் 1.6 சதவீத ஈட்டு விகிதத்தில் வாங்கிய ஐந்தாண்டுப் பத்திரம், முதிர்வு வரை வைத்திருந்தாலும் வாங்கும் சக்தியில் 8 சதவீதத்தை இழந்தே தீரும்.

மீதிப் பாதி முக்கியமானது. பத்திரத்துக்கு ஒரு முடிவுத் தேதி உண்டு. 2026-இல் பணம் தேவைப்படுபவர் 2026-இல் முதிரும் பத்திரத்தை வாங்கினால், நாளாக நாளாக அதன் டூரேஷன் சுருங்கிச் சுழியத்தை எட்டும். இடையில் வட்டி எப்படி ஆடினாலும், கணக்கிட்ட தொகை பணவீக்கத் திருத்தத்தோடு குறித்த நாளில் கைக்கு வரும். பரவலான ஃபண்ட் அப்படி முதிர்வதில்லை. ஓராண்டுக்குக் கீழே முதிர்வுக்காலம் குறைந்த பத்திரங்களைக் கழித்துப் புதியவற்றைச் சேர்த்துக்கொண்டே இருப்பதால், அதன் டூரேஷன் என்றும் ஏழை ஒட்டியே நிற்கும். முதலீட்டாளரின் தேவை நெருங்கி வரும், ஃபண்ட் நெருங்கி வராது. தேவை நெருங்கும்போது அவர்தான் பரவலான ஃபண்டிலிருந்து குறுகிய கால ஃபண்டுக்குப் படிப்படியாகப் பணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

தனிநபர்களுக்கான ஐ-பாண்டு என்ற சேமிப்புப் பத்திரத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2022 மே முதல் அக்டோபர் வரை வாங்கியவர்களுக்கு முதல் ஆறு மாதங்களுக்கு 9.62 சதவீத ஆண்டு விகிதத்தில் வட்டி கிடைத்தது. அது சந்தையில் விற்கப்படாததால் விலை இறங்கும் பேச்சே இல்லை. ஆனால் ஒருவர் ஓர் ஆண்டில் இணையவழியாக 10,000 டாலருக்கு மட்டுமே வாங்க முடியும். முதல் ஓராண்டுக்குப் பணத்தை எடுக்க முடியாது. ஐந்தாண்டுக்குள் எடுத்தால் கடைசி மூன்று மாத வட்டி போய்விடும். நம் மாதிரி முதலீட்டாளரின் ஒரு லட்சத்தில் சிறு பகுதிக்கே அது உதவியிருக்கும்.

கைக்கு வரும் பணம் எது?

நேரடிப் பத்திரத்தில் அசல் உயர்வு முதிர்வின்போதுதான் கைக்கு வரும்; ஆனால் அதற்கான மத்திய அரசு வருமான வரியை அந்தந்த ஆண்டிலேயே கட்ட வேண்டும். இதனால்தான் பலரும் டிப்ஸை ஐ.ஆர்.ஏ. போன்ற, வரி ஒத்திவைக்கப்படும் ஓய்வூதியக் கணக்குகளில் வைத்துக்கொள்கிறார்கள். ஃபண்டுகள் அசல் உயர்வையும் டிவிடெண்டாகவே பிரித்துக் கொடுத்துவிடுவதால், வரி கட்டக் கையில் பணம் இருக்கும். ஆனால் அந்த டிவிடெண்டைச் செலவழிப்பவர் பணவீக்கத் திருத்தத்தையே செலவழிக்கிறார். மிச்சமிருப்பது திருத்தப்படாத பழைய அசல், அதன் வாங்கும் சக்தி ஆண்டுக்கு ஆண்டு கரையும். 2022-இல் பெரிய டிவிடெண்டுகளைப் பார்த்து மகிழ்ந்து எடுத்துச் செலவழித்த ஓய்வுபெற்றவர்கள் இதை உணர்ந்திருந்தார்களா என்பது எனக்குக் கவலை தரும் கேள்வி. விலைவாசி இறங்கும் மாதங்களில் இந்த டிவிடெண்டு சுருங்கும். சில மாதங்களில் ஒன்றுமே வராது. மாதச் சம்பளம்போல இதை நம்பியிருக்க முடியாது.

ஃபண்டுகள் காட்டும் ஈட்டு விகிதத்தையும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். ஜூன் மாதத்தின் 1.37 சதவீதத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் 16 சதவீதத்துக்கு மேல் வருகிறது. பணவீக்கத் திருத்தத்தையும் சேர்த்து ஆண்டுக் கணக்காகக் காட்டும் ஃபண்டுகளில் இப்படிப்பட்ட எண்கள் தோன்றுவது இயல்பு. திருத்தம் நீக்கிய உண்மை ஈட்டு விகிதம் எது என்று தேடிப் பார்க்காமல் இரண்டு ஃபண்டுகளை ஒப்பிடுவதில் பயனில்லை.

முன்னும் பின்னும்

2022 நடப்பதற்கு முன் எச்சரிக்கைகள் இல்லாமல் இல்லை. 2008 இலையுதிர் காலத்தில், நிதி நெருக்கடியின் நடுவே, டிப்ஸின் உண்மை ஈட்டு விகிதம் 3 சதவீதத்தை எட்டி ஃபண்டுகளின் விலை சரிந்தது. 2013-இல் பத்திரக் கொள்முதலைக் குறைக்கப்போவதாகப் பெடரல் ரிசர்வ் சொன்னதும் உண்மை ஈட்டு விகிதம் ஒன்றரைப் புள்ளி ஏறியது. பணவீக்கம் வெறும் 1.5 சதவீதமாக இருந்த அந்த ஆண்டில் பரவலான டிப்ஸ் ஃபண்ட் 9 சதவீதத்தை ஒட்டி இழந்தது. 2022-இல் பிரிட்டனின் நிலை இன்னும் மோசம். 1981 முதல் பணவீக்கம் சார்ந்த பத்திரங்களை வெளியிடும் அந்நாட்டில், அவற்றின் முதிர்வுக்காலம் மிக நீண்டது என்பதால் அந்தச் சந்தை ஓராண்டில் மூன்றில் ஒரு பங்கை இழந்தது. செப்டம்பர் இறுதியில் ஓய்வூதிய நிதிகள் நெருக்கடியில் விற்கத் தொடங்கியபோது பேங்க் ஆஃப் இங்கிலாந்து தலையிட்டு நீண்ட காலப் பத்திரங்களையும், அக்டோபரில் பணவீக்கம் சார்ந்த பத்திரங்களையும் வாங்க நேர்ந்தது.

அதன் பிறகு நிலைமை தலைகீழானது. 2023 அக்டோபரில் பத்தாண்டு டிப்ஸின் உண்மை ஈட்டு விகிதம் 2.5 சதவீதத்தை ஒட்டி ஏறியது. 2021-இல் பணவீக்கத்துக்குக் கீழே ஒரு சதவீதம் கொடுத்த அதே பத்திரம், இப்போது பணவீக்கத்துக்கு மேலே இரண்டரை சதவீதத்தைப் பத்தாண்டுக்கு உறுதி செய்தது. ஆனால் பொதுமக்களின் ஆர்வம் இருந்ததோ 2021-இல். காப்பு மிக விலையுயர்ந்திருந்தபோது வரிசையில் நின்றவர்கள், அது மலிந்தபோது கசப்போடு விலகிப் போனார்கள். இதுவே இந்த நிகழ்வில் என்னை மிகவும் வருந்தச் செய்யும் பகுதி.

2023 செப்டம்பரில், குறித்த ஆண்டில் முதிரும் டிப்ஸ் ஈ.டி.எஃப்.களை ஐ-பாண்ட்ஸ் என்ற வரிசையில் ஐ-ஷேர்ஸ் வெளியிட்டது (மேலே சொன்ன ஐ-பாண்டு சேமிப்புப் பத்திரம் வேறு). ஒவ்வொன்றும் ஒரே ஆண்டில் முதிரும் பத்திரங்களை மட்டும் வைத்திருந்து, அந்த ஆண்டின் அக்டோபரில் கணக்கை முடித்துப் பணத்தைத் திருப்பித் தரும். முடிவுத் தேதியில்லாத ஃபண்டின் குறையை இது பெருமளவு தீர்க்கிறது; நம் மாதிரி முதலீட்டாளர் இன்று தொடங்கினால், அடுத்த இரண்டு ஆண்டுச் செலவை அந்தந்த ஆண்டில் முதிரும் ஃபண்டுகளில் பிரித்து வைக்கலாம். இவையும் திருத்த உயர்வை டிவிடெண்டாகப் பிரித்துக் கொடுப்பதால், அந்தத் தொகையை மறுபடி அதே ஃபண்டில் போடும்படி தரகு நிறுவனத்திடம் முன்கூட்டியே அவர் சொல்லி வைக்க வேண்டும்.